வெங்காயத் தோல் சாயம் காடா துணியில் நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

சுங்குடிமுடிச்சு (ஞாயிறு, இரவு 9.15)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சின்னாளப்பட்டி பக்கம். அம்மா முப்பது வருடமாகச் சுங்குடிச் சேலைக்கு, சாயம் ஏறாமல் புள்ளி விழுவதற்கான முடிச்சுப் போடுகிறார். முடிச்சு மட்டும்தான் எங்கள் வீட்டில். சாயம் போடுவது வேறு இடம், விற்பது வேறு இடம். ஒரு சேலையாவது முடிச்சிலிருந்து சாயம் வரைக்கும் எங்கள் வீட்டிலேயே முடிய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் கேட்டால் தோலைச் சும்மாவே தருகிறார்கள். ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தேன். இரண்டு மீட்டர் காடா துணியைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். எடுத்தபோது வெல்லப்பாகு நிறத்தில் அவ்வளவு அழகு! அம்மாவே கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்ததும் அலசினேன், பாதி நிறம் தண்ணீரோடு போனது. மூன்றாவது அலசலில் டீ சிந்தின கறை போல ஆகிவிட்டது, அதுவும் திட்டுத் திட்டாக. ஒரு வீடியோவில் சொன்னபடி உப்பும் வினிகரும் போட்டேன். பலன் இல்லை.

எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நொய்யல்கரை (ஞாயிறு, இரவு 10.02)

அம்மிணி, திருப்பூரில் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். உங்கள் சாயத்தில் தப்பு இல்லை. துணி தயாராகவில்லை, அவ்வளவுதான்.

காடா என்றால் தறியிலிருந்து இறங்கின அப்படியே. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அதிலேயே இருக்கும். பருத்திக்கு இயற்கையாக இருக்கிற மெழுகும் இருக்கும். நீங்கள் ஏற்றின நிறம் கஞ்சியில் ஏறியது. கஞ்சி கரைந்ததும் நிறமும் கூடவே போய்விட்டது. திட்டுத் திட்டாக வந்ததற்கும் அதுதான் காரணம்.

இரண்டு சோதனை செய்து பாருங்கள். துணியின் ஓரத்தில் பெட்டாடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலமாகவோ கருப்பாகவோ மாறினால் கஞ்சி இன்னும் இருக்கிறது. அப்புறம் வேறொரு இடத்தில் தண்ணீர் ஒரு சொட்டு. முத்து மாதிரி மேலே நின்றால் மெழுகு போகவில்லை. விட்ட உடனே உள்ளே இழுத்துக்கொண்டால்தான் துணி சாயத்துக்குத் தயார்.

கஞ்சி போக, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நாள் ஊற வையுங்கள். லேசாகப் புளித்த வாடை வரும், வரட்டும். கசக்கி அலசிவிட்டு, துணி எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். அரை கிலோ துணிக்குப் பத்து கிராம் சோடா. தண்ணீர் எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று பார்த்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.


கரும்பலகை (திங்கள், காலை 6.40)

நொய்யல்கரை ஐயா சொன்னது முதல் பாதி. மீதியை நான் சொல்கிறேன். பிளஸ் டூ வேதியியல் எடுப்பவள், ஐந்து வருடமாக வீட்டில் சாயம் போட்டுப் பார்க்கிறேன்.

கம்பளியும் பட்டும் புரதம். சாயமும் படிகாரமும் அவற்றோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். பருத்தி செல்லுலோஸ். இயற்கைச் சாயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதில் பிடித்துக்கொள்ள இடமே இல்லை. அதனால் நடுவில் ஒரு ஆள் வேண்டும், அதுதான் நிறமூன்றி. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் துணியையும் மறு கையால் சாயத்தையும் பிடிக்கும். ஆனால் பருத்தியைப் படிகாரமும் தனியாக நன்றாகப் பிடிக்காது. அதற்கு முன்னால் துவர்ப்புப் பொருள் ஒன்று வேண்டும். நம் ஊரில் அது கடுக்காய்.

முறை இதுதான். கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்பார்கள் இல்லையா, இங்கேயும் கொட்டை வேண்டாம், தோலை மட்டும் இடித்துக்கொள்ளுங்கள். அரை கிலோ துணிக்கு 100 கிராம். வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை அதில் ஒரு இரவு ஊற விடுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் நிழலில் காய வையுங்கள். துணி வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கும். அடுத்து படிகாரம் 75 கிராம் வெந்நீரில் கரைத்து, அதில் சலவை சோடா 10 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். படிகாரத்தின் புளிப்பு குறைந்தால் அலுமினியம் துணியில் நன்றாகப் படியும். இதிலும் ஒரு இரவு. ஒரு தடவை அலசிவிட்டு, அதற்குப் பிறகுதான் வெங்காயத் தோல்.

உப்பையும் வினிகரையும் விட்டுவிடுங்கள். வெங்காயத் தோலில் இருக்கும் குவர்செட்டின் என்ற நிறப்பொருளை அவை இரண்டும் பருத்தியில் பிடித்து வைக்காது.


நொய்யல்கரை (திங்கள், காலை 7.15)

டீச்சர் சொன்ன உப்பு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். உப்பு போடுவது எங்கள் பட்டறைப் பழக்கம். ரியாக்டிவ் சாயம் என்கிற ரசாயனச் சாயம் தண்ணீரிலேயே நின்றுகொள்ளப் பார்க்கும், அதைத் துணிப் பக்கம் தள்ளுவதற்கு உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவோம். அதைப் பார்த்துத்தான் வீடியோக்காரர்கள் எல்லாச் சாயத்துக்கும் உப்பு என்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நிறத்தை வடிகட்டிவிடலாம், தண்ணீரில் கரைந்த உப்பை அப்படி எடுக்க முடியாது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகப் போனது. கீழே இருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று போராடினார்கள். அணைத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி சொல்கிற நிலையை என் வாழ்நாளில் பார்த்தேன்.


பச்சைவாசல் (திங்கள், மதியம் 1.30)

இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? நான் என் மகளுக்குப் பீட்ரூட் தோலில் பிங்க், மஞ்சளில் மஞ்சள் என்று இரண்டு கவுன் போட்டேன். படிகாரம் மட்டும்தான். நன்றாகத்தான் இருக்கிறது.


கரும்பலகை (திங்கள், மாலை 5.50)

பச்சைவாசல், போட்டு எத்தனை நாள் ஆகிறது? இன்றே ஒன்று செய்யுங்கள். அதே துணியில் ஒரு துண்டை எடுத்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள். பிறகு அட்டையை எடுத்துப் பாருங்கள்.

பீட்ரூட்டின் நிறம் பீட்டாலெய்ன். சூட்டிலும் வெளிச்சத்திலும் உடைந்துபோகும், துணியையும் பிடிக்காது. மஞ்சளின் குர்குமின் பருத்தியை நிறமூன்றி இல்லாமலே நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயில் தாங்காது. சோப்பு பட்டால் சிவக்கும் என்பது சமையலறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். செம்பருத்தி, சங்குப்பூ, கத்தரிக்காய்த் தோல் எல்லாம் ஆந்தோசயனின் வகை. புளிப்புக்கு ஒரு நிறம், காரத்துக்கு ஒரு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

கறை வேறு, சாயம் வேறு. குழந்தையோடு விளையாட்டாகச் செய்வதற்குப் பீட்ரூட் நல்லதுதான். விற்கிற சேலைக்கு ஆகாது.

கழிவில் நம்பக்கூடியவை என்று நான் சொல்வது: வெங்காயத் தோல், மாதுளம் தோல், செண்டுமல்லி, நாட்டுவாதாம் இலை, தேங்காய் மட்டை, டீத்தூள் சக்கை. இவற்றிலும் வெங்காயத் தோல் வெயிலுக்குக் கொஞ்சம் மங்கும். மாதுளை இன்னும் கெட்டி. மஞ்சள், பழுப்பு, காக்கி, சாம்பல், இவ்வளவுதான் கிடைக்கும். நல்ல சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. அவற்றைப் பயிர் செய்தோ தோண்டியோதான் எடுக்க வேண்டும், குப்பையில் கிடைக்காது.


பச்சைவாசல் (திங்கள், இரவு 8.05)

ஜன்னலில் ஒட்டிவிட்டேன். பார்க்கிறேன் டீச்சர்.


சுங்குடிமுடிச்சு (அடுத்த ஞாயிறு, மாலை 4.20)

ஐயா, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. பெட்டாடின் சொட்டு கருநீலமாக ஆகிவிட்டது! சோடாவில் கொதித்த தண்ணீரைப் பார்த்து எனக்கு அதிர்ச்சி. வெள்ளைத் துணி என்று நினைத்தேன், தண்ணீர் கடுங்காப்பி போல இறங்கியது. இப்போது சொட்டு விட்டால் விழுந்த இடம் தெரியாமல் உறிஞ்சுகிறது.

கடுக்காய், படிகாரம், எல்லாம் சொன்ன கணக்கில் போட்டேன். அரை கிலோ துணிக்கு அரை கிலோ வெங்காயத் தோல். எவர்சில்வர் அண்டாதான். மூன்று தடவை அலசியும் நிறம் போகவே இல்லை.

ஆனால் வெல்லப்பாகு நிறம் வரவில்லை. பாசி படிந்த பச்சைக் காக்கி. கடுக்காயில் ஊறும்போதே துணி லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. கடுக்காய் பழசோ?


நொய்யல்கரை (ஞாயிறு, மாலை 5.00)

போர் தண்ணீரா?


சுங்குடிமுடிச்சு (ஞாயிறு, மாலை 5.04)

ஆமாம்.


நொய்யல்கரை (ஞாயிறு, மாலை 5.31)

தண்ணீரில் இரும்பு இருக்கிறது அம்மிணி. வாளியில் துருக்கறை படிகிறதா என்று பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடியைப் போட்டுக் கலக்குங்கள். தெளிந்த மஞ்சளாக இருந்தால் நல்ல தண்ணீர். மசி கரைத்த மாதிரி கறுத்தால் இரும்பு. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை, அந்தக் காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் செய்தார்கள்.

மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆற்றுக் குடிநீரில் செய்யுங்கள். துணி வெளுக்கிற கட்டத்துக்குப் போர் தண்ணீர் பரவாயில்லை. கடுக்காயிலிருந்து கடைசி வரைக்கும் நல்ல தண்ணீர். கிண்டுவதற்கு மரக்குச்சி.


பாக்குத்தோப்பு (ஞாயிறு, இரவு 9.48)

நான் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் இருக்கும் தமிழன். இங்கே பச்சைப் பாக்கைத் தோலுரித்து அண்டாவில் வேக வைப்பார்கள். அந்தத் தண்ணீர் திரும்பத் திரும்பக் காய்ந்து குழம்பு மாதிரி கெட்டியாகும். சொகரு என்று பெயர். பாக்குக்கு நிறம் ஏற்ற அதையே பூசுவதும் உண்டு. அதில் கைத்தறித் துணிக்குச் சாயம் போடுகிறவர்களும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். செங்கல் பழுப்பு நிறம், கெட்டியாக நிற்கும். அதுவே துவர்ப்புச் சாமான் என்பதால் கடுக்காய் தனியாகத் தேவைப்படவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். மாதுளம் தோலும் துவர்ப்புதானே? ஜூஸ் கடையில் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். அதை வைத்தே கடுக்காய் வேலையை முடித்துக்கொள்ள முடியாதா?


கரும்பலகை (ஞாயிறு, இரவு 10.20)

முடியும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். காய்ந்த மாதுளம் தோலை நசுக்கி வேக வைத்து வடித்தால் கடுக்காய்க்குப் பதில் அதுவே போதும். அதன் மேல் படிகாரம் கொடுத்து, மறுபடி அதே சாற்றில் போட்டால் நல்ல மஞ்சள். ஒரே கழிவு இரண்டு வேலை பார்க்கும். தோலை ஈரத்தோடு மூட்டை கட்டாதீர்கள், இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும். செண்டுமல்லியும் அப்படித்தான். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தெருவில் கிடக்கிற மாலைகளை எடுத்து, நாரும் காம்பும் நீக்கி இதழை மட்டும் காய வைத்தால் ஒரு வருடத்துக்கு வரும்.


விறகுக்கணக்கு (திங்கள், காலை 11.10)

எல்லாம் சரி. ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அரை கிலோ துணிக்கு மூன்று தடவை கொதிக்க வைக்கிறீர்கள், ஏழெட்டுத் தடவை அலசுகிறீர்கள். கேஸ் செலவு? தண்ணீர்? படிகாரத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? கடையில் இயற்கைச் சாயம் என்று அட்டை மாட்டினாலே இரண்டு மடங்கு விலை. இதைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்வது எனக்கு நெருடுகிறது. ஊர் முழுக்க இப்படிச் செய்தால் விறகு எங்கே?


நொய்யல்கரை (திங்கள், மதியம் 2.45)

நியாயமான கேள்வி. கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடினார்கள். நானும் வேலை இல்லாமல் நின்றேன். கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் நடத்தலாம் என்று ஆனது. அப்போதும் சிலர் எல்லாரும் இயற்கைச் சாயத்துக்கு மாறிவிடலாம் என்றார்கள். முடியாது. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் நிறம் ஒத்துப்போகாது. இந்த வாரத் தோல் வேறு, அடுத்த வாரத் தோல் வேறு. பத்தாயிரம் பனியனுக்கு ஒரே ஷேடு கேட்கிற வியாபாரத்தில் இதற்கு இடமில்லை. வெங்காயத் தோல் எடையே இல்லாத சாமான், துணி எடைக்குச் சமமாக அதைச் சேர்க்க எத்தனை லாரி வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் பெரிய பட்டறைக்கு வழி சுத்திகரிப்புதான். இந்த அம்மிணி கேட்பது ஒரு வீட்டின் ஒரு சேலை. அந்த அளவில் செலவைக் குறைக்க வழி உண்டு. சாயச் சாறு கொதிக்கவே வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். அப்படியே மூடி இரவு முழுக்க விட்டால் மீதி ஏறிக்கொள்ளும். முதல் துணி எடுத்த சாற்றில் இன்னொரு துணி போட்டால் வெளிர் நிறம் வரும். படிகாரத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், பாதி அளவு படிகாரம் சேர்த்து அடுத்த துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சக்கை எருக்குழிக்கு.

அதிக விலைக்கு விற்பதைப் பற்றி: மூன்று நாள் வேலை அது. விலை இருக்கத்தான் வேண்டும். அந்தப் பணம் முடிச்சுப் போட்ட கைக்குப் போகிறதா என்பதைத்தான் நான் கேட்பேன்.


விறகுக்கணக்கு (திங்கள், மாலை 6.30)

ஒரே ஷேடு விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். விலைச் சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கிறது.


தறிவீடு (செவ்வாய், காலை 8.00)

நிறம் இன்னும் கெட்டியாக வர மயில்துத்தம் என்கிற செம்பு உப்பைப் போடலாமே? எங்கள் பக்கம் ஒருவர் அதைத்தான் போடுகிறார். பச்சை கலந்த நல்ல நிறம் வரும். கருப்புக்கு அன்னபேதி என்கிற இரும்பு உப்பை நிறையப் போட்டால் போதும்.


கரும்பலகை (செவ்வாய், மாலை 7.10)

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். செம்பு மீனுக்கு விஷம், வாய்க்காலில் கலந்தால் அங்கே எதுவும் வாழாது. வெங்காயத் தோலில் சாயம் போட்டுவிட்டுச் செம்பைச் சாக்கடையில் விடுவதற்குப் பட்டறைச் சாயமே மேல். பொட்டாசியம் டைகுரோமேட் என்று பழைய செய்முறைகளில் வரும், அதைத் தொடவே தொடாதீர்கள்.

அன்னபேதி போடலாம், ஆனால் நிறையக் கூடாது. அரை கிலோ துணிக்கு 5 முதல் 10 கிராம். அதுவும் கடைசியில், சில நிமிடங்கள். இரும்பு அதிகமானால் பருத்தி நூலே இற்றுப்போகும். இருநூறு முந்நூறு வருடம் முன்பு சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சித்திரத் துணிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சிவப்பு அப்படியே நிற்கிறது. இரும்பில் எழுதின கருப்புக் கோடு பல துணிகளில் பொடிந்து, கோடு இருந்த இடம் ஓட்டையாக இருக்கிறது.

இந்தத் துணிகளைப் பற்றி 1742-ல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கரையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். நம் ஆட்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்படியாகக் குறித்திருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தது, சாயத்துக்குப் போகும் முன்பே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை ஊற வைத்துப் பிழிந்து காய வைக்கிற பகுதி. பாலின் கொழுப்பு எழுதுகிற கோடு பரவாமல் தடுக்கும். கலம்காரி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள். நாம் இந்த இழையில் இரண்டு வாரமாகப் பேசுவதும் துணியைத் தயார் செய்கிற அந்த வேலையைத்தான்.


சுங்குடிமுடிச்சு (சனி, மதியம் 12.15)

மழைத் தண்ணீரில் செய்தேன். வெல்லப்பாகு நிறம் வந்துவிட்டது, ஐந்து தடவை அலசியாயிற்று, அப்படியே இருக்கிறது!

இப்போது முடிச்சில் மாட்டிக்கொண்டேன். முடிச்சுப் போட்டுவிட்டுக் கடுக்காய், படிகாரம், சாயம் என்று மூன்று நாள் ஊற வைத்தால் முடிச்சுக்குள்ளே சாறு புகுந்துவிடுகிறது. புள்ளியே தெரியவில்லை. அம்மா எவ்வளவு இறுக்கிக் கட்டியும் நிற்கவில்லை. பட்டறையில் சாயம் சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை என்கிறார். என்ன வழி?


நொய்யல்கரை (சனி, மாலை 3.40)

முடிச்சை முதலில் போடாதீர்கள். முழுத் துணியையும் வெங்காயத் தோலில் போட்டு முடித்துக் காய வையுங்கள். அதற்குப் பிறகு அம்மா முடிச்சுப் போடட்டும். முடிச்சோடு அன்னபேதித் தண்ணீரில் இரண்டே நிமிடம் முக்கி எடுங்கள். வெளியே இருக்கிற துணி கரும்பச்சைக்குப் போகும், முடிச்சுக்குள் இருக்கிறது வெல்லப்பாகு நிறத்திலேயே நிற்கும். இரும்பு பிடிப்பதற்கு நிமிடங்கள் போதும், முடிச்சுக்குள் புக அதற்கு நேரம் இருக்காது. வெள்ளைப் புள்ளிக்குப் பதில் பொன் புள்ளி. உங்கள் போர் தண்ணீர் அன்றைக்குத் தப்பாகச் செய்த வேலையை இப்போது நாமே அளவோடு செய்கிறோம்.


சுங்குடிமுடிச்சு (அடுத்த வியாழன், இரவு 8.50)

முதலில் கைக்குட்டை அளவில் இரண்டு செய்தேன். ஒன்று கெட்டுவிட்டது. முக்கி எடுத்த ஈரத்தோடு முடிச்சை அவிழ்த்துவிட்டேன், துணியில் நின்ற இரும்புத் தண்ணீர் புள்ளிக்குள் ஓடி எல்லாம் சாம்பலாகிவிட்டது. இரண்டாவதை முடிச்சோடு நான்கு தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காய வைத்து, அப்புறம்தான் அவிழ்த்தேன்.

அம்மா ஒரு முனையை நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தோம். நூல் பட் பட்டென்று தெறித்தது. கரும்பச்சையில் கடுகு கடுகாகப் பொன் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கு நடுவிலும் நூல் இறுக்கின இடத்தில் மெல்லிய வளையம். அம்மா ஒன்றும் சொல்லாமல் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சேலைக்கு எத்தனை ஆயிரம் முடிச்சு என்று கணக்குப் போடுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. நாளையே தொடங்குகிறார்.

ஒரு கேள்வி. சேலையை எதில் துவைக்கச் சொல்ல வேண்டும்?


கரும்பலகை (வியாழன், இரவு 9.30)

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது! அம்மாவுக்கு என் வணக்கம்.

பூந்திக்கொட்டை, இல்லாவிட்டால் காரமில்லாத திரவ சோப்பு. சலவை சோடா கலந்த தூள் வேண்டாம். காயப்போடுவது நிழலில், உள்பக்கம் வெளியே தெரிய. இன்னொன்றை வாங்குகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: எலுமிச்சையோ புளியோ பட்டால் அந்த இடத்தில் கரும்பச்சை கரைந்து மஞ்சளாகிவிடும். ரசம் சிந்தினால் அப்போதே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும்.


பச்சைவாசல் (வியாழன், இரவு 10.05)

அட்டையை இன்று எடுத்தேன் டீச்சர். மூடின பாதி பிங்க், மூடாத பாதி பழைய வெள்ளை. மஞ்சள் துண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாளை ஜூஸ் கடைக்குப் போகிறேன். அரைக் கிலோ துணிக்குக் காய்ந்த மாதுளம் தோல் எவ்வளவு?


கரும்பலகை (வியாழன், இரவு 10.12)

கால் கிலோவில் தொடங்குங்கள். முதலில் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.